ஏப்ரல் பாத்தியில் எதை விதைப்பது? ரொறன்ரோ வளவுகளுக்கு ஒரு ஒப்பீடு

ரொறன்ரோ, ஸ்காபரோ, மார்க்கம், பிராம்ப்டன் பக்கத்துத் தமிழ் வீடுகளில் பெரும்பாலும் விக்டோரியா தின நீண்ட வார இறுதியில்தான் மண்வெட்டி வெளியே வரும். மே 25-க்கு முந்திய திங்கட்கிழமை அது. கத்தரிக்கும் மிளகாய்க்கும் தக்காளிக்கும் பாகலுக்கும் அந்த நாள் சரி. அதற்கு முன் நட்டால் ஒரே இரவு உறைபனியில் கருகிப்போகும். ஆனால் அதே நாளில் கொத்தமல்லியையும் வெந்தயத்தையும் கீரையையும் சேர்த்து விதைப்பதுதான் ஆண்டுக்கு ஆண்டு நடக்கும் பெரிய பிழை. கொத்தமல்லி நாலு விரல் உயரம் வந்து, ஒரு தடவை கிள்ளுவதற்குள் தண்டு நீண்டு, இலை நூலாகி, பூத்துவிடும். "இந்த மண்ணில் மல்லி வராது" என்று பலர் கைவிடுவது இதனால்தான். மண்ணில் குறையில்லை, திகதியில்தான் குறை.

இங்கே மே மாதம் பிறக்கும்போதே பகல் 14 மணிநேரத்தைத் தாண்டிவிடுகிறது. ஜூன் 21 அளவில் பதினைந்தரை மணிநேரம். நீண்ட பகலும் வெயிலும் சேர்ந்தால் கொத்தமல்லி, ஸ்பினாச், முள்ளங்கி எல்லாம் இலையையும் கிழங்கையும் விட்டுவிட்டுப் பூக்கத் தொடங்கும். யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ பகல் நீளம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறாது. அதனால் ஊரில் இந்தச் சிக்கலை நாம் கண்டதில்லை. இங்கே இந்தப் பயிர்களுக்கான காலம் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் முதல் கிழமை வரைதான். அந்த ஆறேழு கிழமையும் பாத்தி வெறுமனே கிடக்கிறது.

அந்த இடைவெளியில் எதைப் போடலாம் என்று தீர்மானிக்க மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்: எந்தக் குளிரில் முளைக்கும், பாத்தியை எப்போது காலி செய்யும், வீட்டு அடுப்பில் அதற்கு வேலை உண்டா. விதைப் பாக்கெட்டில் இரண்டாவது கேள்விக்கு விடை இருக்காது. நமக்கோ அதுதான் முக்கியம். மே கடைசியில் கத்தரிக் கன்று வந்து வாசலில் நிற்கும்போது, பாத்தியில் இன்னும் காய்க்காத புரோக்கோலி நின்றால் என்ன செய்வது?

முதலில் மண்

"மண்ணைக் கொத்த முடிந்தவுடன் விதைக்கவும்" என்று பாக்கெட்டில் எழுதியிருப்பதைப் பலர் பனி உருகிய அடுத்த நாள் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்துப் புதுக் குடியிருப்புகளில் மேல்மண்ணுக்குக் கீழே கனத்த களிமண். அதை ஈரத்தில் கொத்தினால் கட்டிகட்டியாகப் பிரண்டு, காய்ந்ததும் செங்கல்லாகிவிடும். அந்த ஆண்டு முழுக்க வேர் அதற்குள் இறங்காது. நாலு அங்குல ஆழத்திலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்து உருட்டிப் பிடித்து, பெருவிரலால் மெதுவாக அழுத்துங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் வேலை தொடங்கலாம். விரல் பதிந்து பள்ளம் மட்டும் விழுந்தால், அல்லது உள்ளங்கை பளபளவென்று ஈரமானால், இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும்.

அடுத்தது மண்ணின் வெப்பம். இறைச்சி வேகிறதா என்று பார்க்கும் சமையல் வெப்பமானி போதும். காலை எட்டு மணிக்கு இரண்டு அங்குலம் குத்திப் பாருங்கள், மூன்று நாள் தொடர்ந்து. இந்த எண் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், 5 பாகை செல்சியஸில் ஸ்பினாச் முளைக்க மூன்று கிழமைக்கு மேல், முள்ளங்கிக்கு நாலு கிழமை, பட்டாணிக்கு ஐந்து கிழமை ஆகும். கரட்டுக்கு ஏழு கிழமை. அதே விதைகள் 10 பாகையில் ஸ்பினாச்சும் முள்ளங்கியும் 12 நாளுக்குள், பட்டாணி இரண்டு கிழமைக்குள், லெட்டூஸ் ஒரே கிழமையில் எட்டிப்பார்க்கும். மார்ச் கடைசியில் அவசரப்பட்டுப் போட்ட பட்டாணியும் ஏப்ரல் மூன்றாம் கிழமையில் போட்ட பட்டாணியும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் முளைவிடும். ஆனால் முதலில் போட்டதில் பாதி குளிர்ந்த ஈரத்தில் அழுகியிருக்கும். காலை வெப்பம் 7 பாகையைத் தொட்டு அங்கே நிலைத்தால் பட்டாணி, ஸ்பினாச், முள்ளங்கி போடலாம். கொத்தமல்லிக்கு 10 பாகை வேண்டும்.

மேட்டுப்பாத்தியா, தரையா, தொட்டியா என்ற கேள்விக்கும் இதே எண்தான் பதில் சொல்கிறது. பலகை அடித்து 10 அல்லது 12 அங்குலம் உயர்த்திய பாத்தியில் தண்ணீர் வடிந்துவிடுவதால் தரையை விட முன்னதாகவே சூடேறும். வசந்தகாலப் பயிருக்கு அதுவே சிறந்த வழி. தரையில்தான் செய்ய வேண்டும் என்றால், விதைப்பதற்கு இரண்டு கிழமை முன் தெளிவான பிளாஸ்டிக் தாளை விரித்து ஓரங்களில் கல் வைத்து மூடுங்கள். கறுப்புத் தாளை விடத் தெளிவான தாள் மண்ணை நன்றாகச் சூடாக்கும். கூடவே களையும் முளைக்கும், விதைக்கும் முன் மேலாகச் செருக்கிவிட்டால் சரி. தொட்டி பகலில் வேகமாகச் சூடேறி இரவில் அதே வேகத்தில் குளிரும். லெட்டூஸ், வெந்தயம் போன்ற ஆழமில்லாத வேருக்குப் பொருந்தும். பட்டாணிக்கு வேண்டாம்.

தென் ஒன்ராறியோவின் பெரும்பகுதி சுண்ணாம்புக்கல் மேல் கிடக்கும் நிலம், மண் ஏற்கெனவே நடுநிலைக்கு மேல்தான் இருக்கும். ஸ்பினாச்சுக்குச் சுண்ணாம்பு போடச் சொல்லும் குறிப்புகள் வேறு ஊர்களுக்கு எழுதியவை. மக்கிய ஆட்டெரு அல்லது மாட்டெரு ஒரு அங்குலம் பரப்பி மேலாகக் கிளறினால் போதும்.

ஸ்பினாச்சும் லெட்டூஸும்

இரண்டில் ஒன்று என்றால் ஸ்பினாச். லெட்டூஸ் எளிது, அழகு, சாண்ட்விச்சுக்கும் சாலட்டுக்கும் உதவும், ஆனால் நம் வீடுகளில் ஒரு கிழமைக்கு ஒரு கொத்துக்கு மேல் செலவாகாது. ஸ்பினாச் ஒரு சட்டிப் பருப்பில் ஒரு பெரிய கூடை மறைந்துவிடும். குளிரைத் தாங்குவதிலும் ஸ்பினாச் முன்னால் நிற்கிறது. இரண்டு நிஜ இலை வந்த கன்று மைனஸ் 6 பாகைக் குளிரிலும் தப்பும். ஏப்ரலில் திடீரென்று விழும் பனி அதற்குப் போர்வை மாதிரி.

அரை அங்குல ஆழத்தில், ஒரு அங்குலத்துக்கு ஒரு விதை, வரிசைக்கு வரிசை 10 அங்குலம். முளைத்து மூன்று கிழமையில் 3 அங்குலத்துக்கு ஒன்றாகக் களையுங்கள், களைந்த கன்றுகளும் சமைக்கத்தான். விதை புதிதாக இருக்க வேண்டும். மூன்று வருடம் பழைய ஸ்பினாச் விதையை நம்பிப் பாத்தியைக் கட்டாதீர்கள், முளைப்பு வெகுவாகக் குறைந்திருக்கும். 'புளூம்ஸ்டேல் லோங் ஸ்டாண்டிங்' பழைய, நம்பகமான ரகம், சுருண்ட கனத்த இலை. விதைத்து ஆறு ஏழு கிழமையில் வெளி இலைகளை எடுக்கத் தொடங்கலாம். ஜூன் முதல் கிழமையில் நடுவிலிருந்து அம்பு முனை மாதிரி இலைகள் எழும்பும். அது பூக்கப் போகும் அடையாளம். அன்றே முழுச் செடியையும் வெட்டிவிடுங்கள், அதன்பின் கசக்கும்.

இதில் தவறுவது இரண்டு. ஒன்று, ஏப்ரல் கடைசியில் இலை வெளிர் மஞ்சளாவது. எரு குறைவு என்று எண்ணி மேலும் மேலும் கொட்டுவார்கள். குளிர் மண்ணில் நுண்ணுயிர்கள் மந்தமாக இருப்பதால், எருவில் உள்ள தழைச்சத்து வேருக்குக் கிடைக்கும் வடிவத்துக்கு இன்னும் மாறவில்லை என்பதே காரணம். தண்ணீரில் கலக்கும் மீன் கரைசலைப் போத்தலில் சொன்ன அளவில் ஒரு முறை விட்டால் ஒரு கிழமையில் பச்சை திரும்பும். இன்னொன்று இலைத்துளைப்பான். மே மாதத்தில் இலையைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். உப்புக்கல்லை விடச் சின்னதாக, வெள்ளையாக, மூன்று நாலு முட்டை தோளோடு தோள் ஒட்டி வரிசையாகக் கிடக்கும். பெருவிரலால் தேய்த்தால் முடிந்தது. விட்டுவைத்தால் ஐந்தாறு நாளில் புழு இலையின் இரண்டு தோலுக்கும் நடுவில் புகுந்து, வெந்நீர் பட்ட கொப்புளம் போலப் பழுப்புத் திட்டுகளாக்கிவிடும். மருந்து உள்ளே எட்டாது. விதைத்த அன்றே மெல்லிய வெள்ளை மூடுதுணியை வளைகம்பி மேல் போர்த்தி ஓரத்தை மண்ணால் மூடுவது இந்தப் பயிருக்குச் செய்யும் ஒரே பெரிய உதவி. பூச்சியும் வராது, உறைபனியும் சற்றுத் தணியும். ஆனால் சென்ற ஆண்டு ஸ்பினாச் அல்லது பீட்ரூட் நின்ற அதே இடத்தில் துணி போர்த்தாதீர்கள். கூட்டுப்புழு மண்ணுக்குள்ளேயே குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, துணிக்கு உள்ளேயே ஈயாக வெளிவரும்.

முள்ளங்கி: ரகத்தில்தான் எல்லாம்

மிக வேகமான பயிர். 'செரி பெல்' போன்ற சிவப்பு உருண்டை ரகம், ஏப்ரல் குளிரையும் சேர்த்து ஐந்து ஆறு கிழமையில் பிடுங்கலாம். ஆனால் நமக்கு நாக்கில் நிற்பது நீண்ட வெள்ளை முள்ளங்கி. அந்த விதையை ஏப்ரலில் போட்டால் ஏமாற்றம்தான். இளமையில் பட்ட குளிரும் பிறகு நீளும் பகலும் சேர்ந்து, கிழங்கு விரல் தடிப்பு வரும் முன்னே பூத்தண்டை எழுப்பிவிடும். வெள்ளை முள்ளங்கிக்கு ஜூலை கடைசி அல்லது ஆகஸ்ட் முதல் பாதி. அக்டோபரில் கை நிறையப் பிடுங்கலாம்.

சிவப்பு முள்ளங்கியில் "இலை மட்டும் வந்தது, கிழங்கு இல்லை" என்ற முறைப்பாட்டுக்கு நெருக்கம்தான் முதற்காரணம். அரை அங்குல ஆழத்தில் போட்டு, முளைத்த பத்து நாளுக்குள் இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகக் களைய வேண்டும். இரண்டு கிழமை தாமதித்தால் கிழங்கு வைக்கும் நேரம் போய்விடும். நிழலும் அதிகத் தழைச்சத்தும் அடுத்த காரணங்கள். இலையில் குண்டூசி குத்தியது போலத் துளைகள் இருந்தால் தெள்ளுவண்டு, கிழங்குக்குப் பாதகமில்லை. கிழங்கில் பழுப்புச் சுரங்கம் இருந்தால் வேர்ப்புழு. அதற்கும் மூடுதுணிதான். இலையை எறியாதீர்கள், தேங்காய்ப்பூ போட்டு வறுத்தால் நல்ல வறை.

தனிப் பாத்தி தேவையில்லை என்பது முள்ளங்கியின் இன்னொரு நன்மை. ஸ்பினாச் வரிசைகளுக்கு நடுவில் ஒரு வரிசை போட்டால், ஸ்பினாச் அகலும் முன் அது போய்விடும்.

பட்டாணி

அதிக இடமும் அதிக நாளும் பிடிப்பது இது. ஏப்ரல் நடுவில் போட்டால் ஜூன் கடைசியில்தான் காய், ஜூலை நடுவில் முடியும். அப்படியிருந்தும் ஏன் சேர்க்கிறோம் என்றால், அது நிற்பது பந்தல் வலையில். அந்த வலை நமக்கு எப்படியும் பாகலுக்கும் பயற்றங்கொடிக்கும் தேவை.

உரித்து எடுக்கும் பட்டாணி, தட்டையான சீனப் பட்டாணி, தோலோடு தின்னும் 'சுகர் ஸ்னாப்' என்று மூன்று வகை. உரிக்கும் வகையைச் சிறு வளவில் போடுவது நியாயமில்லை. ஒரு கூடை நெற்றை உரித்தால் ஒரு கிண்ணம்தான் தேறும். தட்டை வகை நூடில்ஸிலும் பொரியலிலும் நன்றாக வரும், ஆனால் இரண்டு நாள் பார்க்காமல் விட்டால் நார் கட்டிவிடும். 1979-இல் அகில அமெரிக்கத் தேர்வு விருது பெற்ற 'சுகர் ஸ்னாப்' ஆறடி வளரும், பிள்ளைகள் செடியிலேயே பிடுங்கித் தின்பார்கள். வலை கட்ட முடியாதவர்களுக்கு இரண்டடியில் நிற்கும் 'சுகர் ஆன்'. ஒரு கிழமைக்கு மேல் முந்திக் காய்க்கும், ஆனால் மொத்தக் காய்ப்பு குறைவு.

வலையின் இரு பக்கமும் ஒவ்வொரு வரிசை, ஒன்றரை அங்குல ஆழம், இரண்டு அங்குல இடைவெளி. எட்டடி வலைக்கு ஏறக்குறைய 100 விதை. இரவு முழுக்க ஊறவைத்துப் போடும் பழக்கம் குளிர்ந்த ஈரமண்ணுக்கு உதவாது, ஊறிய விதை முதலில் அழுகும். காய்ந்த விதையையே போடுங்கள். அணிலும் முயலும் முளையைக் கொய்துவிடும். ஒரு அங்குலக் கண்ணுள்ள கோழிக்கம்பி வலையை வளைத்து, முளை நாலு அங்குலம் வரும்வரை மேலே வையுங்கள். வெயில் 27 பாகையைத் தாண்டும் நாட்களில் பூ உதிரும், அதைத் தடுக்க வழியில்லை. சீக்கிரம் விதைப்பதன் நோக்கமே அந்த நாட்களுக்கு முன் காய் பிடிக்க வைப்பதுதான்.

ஜூன் முதல் கிழமையில், பட்டாணி இன்னும் நிற்கும்போதே, வலையின் தெற்குப் பக்கம் இரண்டடிக்கு ஒரு பாகல் நாற்று வையுங்கள். இரவுகள் சூடாகும்வரை பாகல் எப்படியும் அசையாது. அது கொடி எறியும் நேரத்தில் பட்டாணி முடிந்திருக்கும். பட்டாணியைப் பிடுங்காமல் மண்மட்டத்தில் வெட்டுங்கள், பாகலின் வேர் கலையாது.

கொத்தமல்லியும் வெந்தயமும்

எங்கள் பார்வையில் இந்தப் பாத்தியின் மதிப்பே இவை இரண்டிலும் இருக்கிறது. கொத்தமல்லியை ஏப்ரல் 20 அளவில் தொடங்கி, பத்து நாளுக்கு ஒரு அடி நீள வரிசையாக மே நடு வரை மூன்று தடவை விதைத்தால், மே கடைசியிலிருந்து ஜூன் முழுக்கக் கடையில் கட்டு வாங்க வேண்டியதில்லை. லேசான உறைபனியைத் தாங்கும்.

சமையலறை மல்லியா, விதைப் பாக்கெட்டா? சமையல் மல்லி பெரும்பாலும் விதைக்காகவே வளர்க்கப்பட்ட ரகம், சீக்கிரம் பூக்கும் குணம் அதன் உடம்போடு வந்தது. போதாததற்கு நீராவி காட்டிய மல்லியும் கடைகளில் உண்டு, அது முளைக்கவே முளைக்காது. முளைக்குமா என்று பார்க்க, பத்து மணியை ஈரக் காகிதத்தில் சுருட்டிப் பிளாஸ்டிக் பையில் போட்டு அடுப்படியில் இரண்டு கிழமை வையுங்கள். ஏழுக்குக் குறைவாக முளைத்தால் வேண்டாம். 'சாண்டோ', 'கலிப்சோ' போன்ற பூக்கத் தாமதிக்கும் ரகங்கள் பாக்கெட்டில் கிடைக்கும், இரண்டு மூன்று கிழமை கூடுதலாக இலை தரும். ஊரில் செய்தது போல மணியைச் செருப்படியிலோ சப்பாத்திக் கட்டையாலோ மெதுவாக உருட்டி இரண்டாக உடையுங்கள். ஒரு மணிக்குள் இரண்டு விதை உண்டு. தூளாகும் அளவுக்கு அழுத்தினால் முளை போய்விடும். அரை அங்குல ஆழம், ஒரு அங்குல இடைவெளி. நாற்றாக வாங்கி நட வேண்டாம்: ஆணிவேர் கலைந்தால் அந்த அதிர்ச்சியே பூக்க வைக்கும்.

வெந்தயம் இன்னும் எளிது, கடை வெந்தயமே போதும். இரவு ஊறவைத்து, மே முதல் கிழமையில் நெருக்கமாகத் தூவி, கால் அங்குலம் மண் மூடுங்கள். குளிருக்குக் கொத்தமல்லியை விடக் கொஞ்சம் பயப்படும், உறைபனி சொன்ன இரவில் பழைய படுக்கை விரிப்பால் மூடுங்கள். நாலு ஐந்து கிழமையில் அரையடி வளரும். அடியிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு வெட்டினால் இன்னொரு சின்ன வெட்டு கிடைக்கும்.

கேலும் நோகோலும்

இவை நாற்றாக வைப்பவை. நோகோல் நமக்குப் பழக்கமான காய், கறிக்கும் கூட்டுக்கும் வரும், ஏப்ரல் கடைசியில் வைத்தால் ஜூன் நடுவில் பாத்தியைக் காலி செய்யும். ஆனால் நுணுக்கம் கேட்கும். ஆறேழு இலை வந்த பெரிய நாற்று 10 பாகைக்குக் கீழே ஒரு கிழமைக்கு மேல் நின்றால், காய் வைக்காமல் பூத்துவிடும். கடையில் பெரிதாகத் தெரியும் நாற்றைத் தேடி எடுக்காதீர்கள். நாலு இலை, பென்சிலை விட மெல்லிய தண்டு, அதுதான் சரியானது. உள்ளறையில் வளர்ந்த நாற்றைத் தினமும் சில மணிநேரம் கூட்டிக்கூட்டி, ஒரு கிழமை வெளியில் வைத்துப் பழக்கிய பின் எட்டு அங்குல இடைவெளியில் நடுங்கள். காய் இரண்டரை அங்குலம் வந்தவுடன் வெட்டுங்கள், மே மாதத்தில் தண்ணீர் தவறினால் மரமாகிவிடும்.

கேலுக்கு இந்தப் பயம் எதுவும் இல்லை. ஏப்ரல் நடுவில் வைத்த இரண்டு செடி நவம்பர் வரை இலை தரும், முதல் உறைபனிக்குப் பின் இனிக்கவும் செய்யும். நடு நரம்பைக் கிழித்தெறிந்து, பொடிப்பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டால் முருங்கையிலை வறைக்குப் பக்கத்தில் வைக்கலாம். இடத்தை விட்டுத்தராது என்பதுதான் குறை, அதனால் மூலையில் மட்டும். வெள்ளை வண்ணத்துப்பூச்சி சுற்றத் தொடங்கினால் வலை போடுங்கள், அல்லது கிழமைக்கு இருமுறை இலையின் அடியில் பச்சைப் புழுவைத் தேடி எடுங்கள்.

கரட், பீட்ரூட், புரோக்கோலி, கோவா (முட்டைக்கோஸ்) எல்லாம் இந்தக் குளிரில் வரும் பயிர்களே. ஆனால் ஜூலை வரை இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரே பாத்தி உள்ளவர்கள் விட்டுவிடலாம்.

நாலுக்கு எட்டடிப் பாத்தியில்

நீளம் கிழக்கு மேற்காக இருந்தால், வடக்கு ஓரம் முழுக்கப் பட்டாணி வலை, நிழல் மற்றப் பயிர்மேல் விழாது. அதற்கு முன்னால் ஆறடி நீளத்துக்கு மூன்று வரிசை ஸ்பினாச், நடுவில் இரண்டு வரிசை முள்ளங்கி. மீதி இரண்டடியில் கொத்தமல்லியும் வெந்தயமும், தென்மேற்கு மூலையில் ஒரு கேல். முள்ளங்கி மே கடைசியில் போன இடத்தில் தக்காளிக்குக் குழி தோண்டலாம். ஸ்பினாச்சின் நடுவரிசையை வெட்டிவிட்டுக் கத்தரி வைத்தால், இரு பக்கமும் நிற்கும் ஸ்பினாச் முதல் பத்து நாள் காற்றை மறைக்கும்.

கொத்தமல்லியில் பூத்துவிட்ட இரண்டு செடியைப் பிடுங்காமல் விடுங்கள். வெள்ளைப் பூவைத் தேடி வரும் சின்ன ஈக்கள் செடிப்பேனைத் தின்னும் புழுக்களை ஈனும். மணிகள் பழுப்பாகியதும் தண்டோடு வெட்டிக் காகிதப் பையில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். பகல் குறையத் தொடங்கும் ஆகஸ்ட் நடுவில் அதே மணியை உடைத்து மறுபடி விதைத்தால், அக்டோபர் வரை பூக்காமல் இலையாகவே நிற்கும்.